சீனக் கடைப் பணிசும் உன் போறணையும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேக்கரியை மகன் பொறுப்பெடுத்து நடத்துகிறான் என்று வாசித்தபோது மனதுக்கு நல்ல சந்தோசம். உன் அப்பா கட்டிய விறகுப் போறணை இன்னும் எரிகிறது என்பது அதைவிடச் சந்தோசம். பின்னேரம் மிஞ்சுகிற பணிஸை என்ன செய்வது, மறுநாளே காய்ந்துபோகிறதே என்று அவன் கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். அந்த இரண்டுக்கும் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சீன பேக்கரியில் பதில் இருக்கிறது. ஆகவே இந்த முறை கடிதம் முழுக்க அந்தக் கடையைப் பற்றித்தான்.

அதற்கு முதல் வீட்டுச் செய்தி. மனுசிக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூத்தவளின் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். எனக்கு முழங்கால் நோவு, குளிர் வந்தால் கூடும். ஆனாலும் காலை நடையை விடவில்லை. நடை முடிகிற இடம் அந்த பேக்கரி.

நாங்கள் இருப்பது கனடாவில், ரொறொன்ரோ நகரத்து ஸ்காபரோவில் அஜின்கோர்ட் பக்கம். 1983க்குப் பிறகு எங்கள் சனம் இங்கே வந்து இறங்கிய அதே காலத்தில்தான் ஹொங்கொங் சனமும் வந்தது. 1997இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பதென்று பிரித்தானியா 1984இல் ஒப்பந்தம் செய்தபிறகு, இனி என்ன ஆகுமோ என்று ஏராளமானவர்கள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். அதே 1984இல் ஷெப்பர்ட் வீதிக்குக் கிட்ட, சில்லுச் சப்பாத்துப் போட்டுச் சறுக்குகிற பழைய மண்டபம் ஒன்றை மாற்றி ட்ரகன் சென்ரர் என்ற சீன அங்காடியைத் திறந்தார்கள். வாகன நெரிசல் என்று அயலில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. நெரிசல் மட்டும்தானா காரணம் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. அதைத் தாங்கிக்கொண்டு நின்ற கடைக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை. பின்னாளில் எங்கள் ஆட்கள் கடை போட்டபோது பாதை கொஞ்சம் செப்பனிட்டுக் கிடந்ததற்கு அவர்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, கடைக்கு வருவோம். உள்ளே போனதும் ஒரு தட்டும் ஒரு இடுக்கியும் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரோரம் கண்ணாடிக் கதவு போட்ட தட்டுகளில் பணிஸ் வகை வகையாக இருக்கும். நாமே கதவைத் திறந்து, நாமே எடுத்து, காசு கொடுக்கிற இடத்தில் வைத்தால் அந்த அம்மா ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டுத் தருவார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், எனக்குக் கன்டோனீஸ் சுத்தமாக வராது. ஆனால் எது இப்போது அடுப்பிலிருந்து வந்தது என்று கேட்கவும் சொல்லவும் எங்களுக்கு விரலே போதும். இரண்டு டொலர் அளவில் ஒரு பணிஸ். வயசானவர்கள் இரண்டு பேர் ஒன்றை வாங்கிப் பாதியாகப் பிய்த்து, பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அரை நாள் இருப்பார்கள். எழும்பச் சொல்லி யாரும் முகம் காட்டுவதில்லை. கடை நடத்துகிற ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, உனக்கே தெரியும்.

முதலில் உன் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது கொக்ரெயில் பணிஸ் என்கிற ஒன்றை. 1950களில் ஹொங்கொங்கில் பிறந்தது. பேக்கரிகளில் விற்காமல் மிஞ்சிய பணிஸை எறிய மனமில்லாமல், அதை உதிர்த்து, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து, புதுப் பணிஸுக்குள் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். எறிய வேண்டியதே உள்ளீடாகிவிட்டது. இன்றைக்குப் பெரும்பாலான கடைகளில் பழைய பணிஸ் போடுவதில்லை, தேங்காய்ப்பூ, சீனி, பட்டர், பால்மா, கொஞ்சம் கோதுமை மா என்று தனியாகவே உள்ளீடு செய்கிறார்கள். ஆனால் பழைய முறையில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கு மிஞ்சியதை அன்றைக்கே உதிர்த்துவிட வேண்டும், நாள் கடந்ததைத் தொடக்கூடாது.

பார்க்க நீளமாக இருக்கும், எங்கள் பால் பணிஸை இழுத்து விட்டதுபோல. மேலே முட்டை பூசிய மினுக்கம், இரண்டு நுனியிலும் பட்டரும் மாவும் குழைத்துப் போட்ட வெள்ளைக் கோடு, நடுவில் கொஞ்சம் எள்ளு. சூடாக இருக்கும்போது பிய்த்தால் தேங்காய்ப்பூ பட்டரில் ஊறி, மஞ்சளாக, ஈரமாக வெளியே வரும். கடிக்கிறபோது சீனிக் குருணி இன்னும் முழுதாகக் கரையாமல் பல்லில் படும். அந்த நறநறப்புக்காகவே நான் அதை எடுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தேங்காய்க்கு என்ன குறை? ரொறொன்ரோவில் உலர்ந்த தேங்காய்ப்பூவை வைத்தே இப்படிச் செய்கிறார்கள் என்றால், அங்கே அப்போது துருவிய தேங்காயில் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஈரம் கூட என்பதால் துருவலை முதலில் சட்டியில் போட்டு லேசாக வறட்டிக்கொள்ளச் சொல்.

அடுத்தது அன்னாசிப் பணிஸ். அன்னாசி ஒரு துண்டும் கிடையாது. மா, சீனி, கொழுப்பு, முட்டை மஞ்சட்கரு, பொங்கவைக்கிற பேக்கரி அமோனியா கொஞ்சம் சேர்த்து ஒரு பிஸ்கட் மா குழைத்து, மெல்லிய வட்டமாகத் தட்டி, பொங்கி நிற்கிற பணிஸின் தலையில் வைத்துச் சுடுகிறார்கள். உள்ளே பணிஸ் ஊத ஊத மேல்மூடி விரிய முடியாமல் கட்டம் கட்டமாக வெடிக்கும். அந்த வெடிப்புத்தான் அன்னாசித் தோல். ஹொங்கொங் தேநீர்க் கடைகளில் இதைச் சூட்டோடு பிளந்து, தடிப்பான குளிர்ந்த பட்டர்த் துண்டு ஒன்றை நடுவில் வைத்துத் தருவார்கள். 2014இல் வெளியிட்ட தங்கள் மரபுப் பட்டியலில் இந்தப் பணிஸ் செய்கிற முறையையும் ஹொங்கொங் அரசு சேர்த்தது. ஒரு பேக்கரிப் பணிஸுக்கு அப்படி ஒரு மதிப்பைக் கொடுத்தார்களே என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. உன் அப்பாவின் சீனிப் பணிஸுக்கும் யாராவது அதைச் செய்யவேண்டும்.

முட்டைத் தார்ட் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். வெளி ஓடு இரண்டு விதம். ஒன்று பிஸ்கட் மாதிரி உதிர்வது, மற்றது பற்றீஸ்போல இதழ் இதழாகக் கழல்வது. எனக்கு இதழ் விடுவதுதான். அதிலும் வந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும், பிறகு ஓடு நமத்துவிடும். மனுசிக்குப் பாதி. இனிப்பு அதிகம் இல்லை என்பதுதான் இங்கே ஒரு பலகாரத்துக்குப் பெரியவர்கள் தருகிற உச்சப் பாராட்டு, அதனால் அவளும் பயப்படாமல் அந்தப் பாதியைச் சாப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமையில் மட்டும் வேண்டாம் என்பாள், பழைய முறைப்படி ஓட்டுக்குப் பன்றிக் கொழுப்புப் போடுகிற கடைகளும் உண்டு. நிறம் பூசிய கிறீம் கேக்குகள் கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் எனக்கு மனம் போவதில்லை.

இன்னொன்று, இந்தப் பணிஸோடு குடிக்கிற ஹொங்கொங் பால் தேத்தண்ணி இலங்கைத் தேயிலையில்தான் போடுகிறார்கள். பல தரத் தேயிலைத் தூளைக் கலந்து, நீளத் துணிப் பையில் திரும்பத் திரும்ப வடித்து, சுண்டவைத்த ரின் பால் விட்டுத் தருவார்கள். சாயம் நல்ல கடுப்பு. முதல் மிடறிலேயே உன் கடை வாசல் வாங்கில் நினைவுக்கு வந்துவிடும்.

மறுநாள் காய்கிற பிரச்சினைக்கு வருகிறேன். சீன பேக்கரிப் பணிஸ் இரண்டாம் நாளும் பஞ்சாக இருப்பதற்கு இப்போது பல கடைகள் கையாளுகிற முறை ஒன்று உண்டு. ஜப்பானில் தொடங்கித் தாய்வான் வழியாகப் பரவியது. ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். 65 பாகை சூடு வரும்போது கூழ் கெட்டியாகி, கரண்டி போன தடம் அப்படியே நிற்கும். அதோடு இறக்கி, மூடி ஆறவிட்டு, மற்ற மாவோடு சேர்த்துப் பிசைவது. மா வெந்து குழையும்போது பச்சை மாவைவிடக் கனக்கத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுட்ட பிறகும் அந்த ஈரம் லேசில் போகாது. மொத்தம் ஒரு கிலோ மாவென்றால் அதில் 60 கிராமை எடுத்து 300 கிராம் தண்ணீரில் காய்ச்சினால் சரியாக வரும். பிசைகிறபோது விடுகிற தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளச் சொல். பிசைந்த மா கையில் ஒட்டும். அதற்குப் பயந்து மேலும் மா தூவக்கூடாது, தொடர்ந்து பிசைந்தால் தானாகத் திரளும்.

பாண் சுட்டு இறக்கிய பிறகு போறணையில் தணிகிற சூடு இந்தப் பணிஸுக்கு அளவாக இருக்கும் என்பது என் எண்ணம். விறகுச் சூட்டில் அன்னாசிப் பணிஸின் மேல்மூடி எப்படி வெடிக்கிறது என்று அறியத்தான் எனக்குப் பெரிய ஆசை. முதலில் கொக்ரெயில் பணிஸைச் செய்து பார்க்கட்டும். பின்னேரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஒரு தட்டு மட்டும் போட்டுப் பார்க்கச் சொல், சனம் தேடி வந்தால் கூட்டலாம்.

தை மாதம் வர யோசிக்கிறோம், பயணச்சீட்டு விலையைப் பொறுத்து. இங்கிருந்து ஒரு நல்ல சூடுமானியும் தார்ட் அச்சுகளும் கொண்டு வருகிறேன். வேறு என்ன வேண்டும் என்று மகனிடம் கேட்டு எழுது. அவன் எந்த மா பாவிக்கிறான் என்பதையும் எழுது, பாண் மாவா சாதாரண மாவா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் அளவு மாறும்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி