கம்பெனி நாடகத்தில் வளர்ந்த காரந்த்

அன்புள்ள மாப்ளே,

பேத்திக்குப் பெயர் வைத்த சேதி கிடைத்தது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். பெங்களூரில் மழைதான் விட்டபாடில்லை.

போன வாரம் ஜே.சி. ரோடு ரவீந்திர கலாக்ஷேத்ராவில் ரங்ககீதே கேட்டேன். நாடகப் பாட்டுகளை நாடகம் இல்லாமல் தனியாகப் பாடுவார்கள். அதில் கன்னட நாடக இயக்குநரும் இசையமைப்பாளருமான பி.வி. காரந்த் மெட்டுகளும் வந்தன, கேட்டதிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது, உனக்குத்தான் முதலில் எழுதவேண்டும் என்று தோன்றியது.

தட்சிண கன்னடத்துக்காரர், 1929இல் பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி குப்பி வீரண்ணாவின் கன்னட நாடகக் கம்பெனியில் சேர்ந்தார், நம்ம பக்கத்தில் சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் மாதிரியே. வீரண்ணாதான் அவரைக் காசிக்குப் படிக்க அனுப்பினார், அங்கே ஓம்கார்நாத் தாக்கூரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். அப்புறம் டெல்லி தேசிய நாடகப் பள்ளி, பின்னாளில் அதற்கே இயக்குநர். சினிமாவில் 'ருஷ்ய ஸ்ருங்க', 'கடஸ்ராத்த' இரண்டுக்கும் 1976, 1977 என்று அடுத்தடுத்து இசைக்கான தேசிய விருது.

விருது பெரிய விஷயம்தான், ஆனால் எனக்கு அவருடைய மேடை இசைதான் பெரிது. நீ நாடக மேடையில் ஆல்ரவுண்ட், அதான் டிரம், சிம்பல் எல்லாம் ஒரே ஆளாக வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கை என்ன செய்தாலும் உன் கண் கோமாளி வேஷம் கட்டும் பபூன் காலை விட்டு நகராது, அவன் தடுக்கும் அதே நொடியில் சிம்பலில் அடி விழும். காரந்த் அதைத்தான் ஒரு முழு நாடகத்துக்கும் செய்தார். மெட்டைத் தனியாகப் போட்டு அப்புறம் கதையில் ஒட்டவைக்கும் ஆள் இல்லை, ஒத்திகையில் நடிகர் நடக்கிற நடை, பேசுகிற பேச்சு, இதிலிருந்தே தாளத்தைப் பிடிப்பார். கல்லானாலும் மரக்கட்டையானாலும் அவருக்கு வாத்தியம்தான். கம்பெனியில் வளராத ஒருவருக்கு அந்தக் காது வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

2002இல் போய்விட்டார். அவர் மெட்டுகளை இங்கே பாட ஆள் இருக்கிறது, பாட்டுக்கு நடுவே வந்த சத்தமெல்லாம் அந்தந்த ராத்திரியோடு போச்சு. அதுதான் மனசை உறுத்துகிறது.

உங்கள் நாடக செட்டு ஆர்மோனிய வாத்தியார் இந்த சீசனோடு நிறுத்தப்போகிறார் என்று எழுதியிருந்தாயே, அதற்குள் ஒரு வள்ளி திருமண நாடகத்தை ராத்திரி முழுக்கப் பதிவு செய்துவிடலாம். பாட்டை மட்டும் இல்லை, உன் ஆல்ரவுண்டும் பபூன் பேச்சும் சேர்த்து. மகனிடம் நல்ல ரெக்கார்டர் இருக்கிறது, நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வாத்தியாரிடம் சம்மதம் கேட்டு, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுது, டிக்கெட் போடணும்.

அன்புடன்,
உன் பெங்களூர் மாப்ளே