ஒரு சொல் பாக்கி இருக்கிறது: பெல்ஜிய நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். உங்கள் நாடு ஆண்ட காங்கோவிடம் நீங்கள் இன்னும் சொல்லாத 'மன்னிப்பு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். 1960 ஜூன் 30 அன்று, இன்று கின்ஷாசா எனப்படும் லியோபோல்ட்வில்லில் காங்கோவின் விடுதலை விழா நடந்தது. உங்கள் மன்னர் போதுவான் எழுந்து, பழைய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்து பேசினார். ரப்பருக்காக ஊர் ஊராகக் கைகள் வெட்டப்பட்டது அந்த லியோபோல்டின் ஆட்சியில்தான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

அப்புறம், நிகழ்ச்சி நிரலில் பெயரே இல்லாத பிரதமர் பத்ரிஸ் லுமும்பா எழுந்தார். அடி, வசவு, பறிபோன நிலம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் இதையும் சொன்னார்: கறுப்பரை 'நீ' என்றே அழைத்தார்கள், நண்பன் என்ற உரிமையில் அல்ல, 'நீங்கள்' என்ற மரியாதை வெள்ளையருக்கு மட்டுமே என்பதால். பிரெஞ்சில் அவர் சொன்ன இந்த வித்தியாசத்தைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நரைத்த தலைக்காரரைச் சாதியின் பெயரால் சின்னப் பையன் 'டேய்' என்று கூப்பிட்ட ஊர்கள் எங்களிடமும் உண்டு. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு லுமும்பா ஏழு மாதம்கூட உயிரோடு இல்லை. செப்டம்பரில் பதவி போனது, டிசம்பரில் ராணுவத் தளபதி மொபுட்டுவின் ஆட்கள் பிடித்தார்கள். 1961 ஜனவரி 17 அன்று காங்கோவின் தெற்கிலிருந்த கட்டாங்காவுக்குக் கொண்டுபோய், அன்று இரவே மோரிஸ் ம்போலோ, ஜோசப் ஒகிட்டோ இருவரோடும் சுட்டுக் கொன்றார்கள். அந்த இடத்தில் பெல்ஜிய அதிகாரிகளும் இருந்தார்கள். லுமும்பாவுக்கு வயது 35. பிறகு ஒரு பெல்ஜியப் போலீஸ் அதிகாரி உடலைத் தோண்டியெடுத்து, வெட்டி, அமிலத்தில் கரைத்தார். தங்க உறை போட்ட ஒரு பல்லைத் தன்னோடு எடுத்துப் போனார்.

2022 ஜூன் 20 அன்று பிரஸ்ஸல்ஸில், ஒரு சின்ன நீலப் பெட்டியில், அந்தப் பல்லை லுமும்பாவின் பிள்ளைகளிடம் கொடுத்தீர்கள். அதை ஒரு முழுச் சவப்பெட்டிக்குள் வைத்து, மேலே காங்கோ கொடியைப் போர்த்தி, அவர் பிறந்த ஒனாலுவாவுக்கும், அரசியலில் வளர்ந்த கிசாங்கானிக்கும், சுடப்பட்ட இடத்துக்கும் கொண்டுபோனார்கள். ஆளில்லாத அந்தப் பெட்டியைப் பார்த்து ஜனங்கள் அழுதார்கள்.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். லுமும்பா கொலைக்கு 2002இல் உங்கள் அரசு மன்னிப்புக் கேட்டது. தாய்மாரிடமிருந்து பறித்து மடங்களில் அடைக்கப்பட்ட கலப்பினக் குழந்தைகளுக்காக 2019இல் உங்கள் பிரதமர் உங்கள் அவையிலேயே மன்னிப்புக் கேட்டார். ஆனால் 1885 முதல் 1960 வரை நடந்த 75 ஆண்டு ஆட்சிக்கு? மன்னர் ஃபிலிப் 2020இல் கடிதத்திலும், 2022இல் கின்ஷாசாவில் நேரிலும் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அதோடு சரி. எதிர்வீட்டில் துக்கம் என்றாலும் நாம் வருத்தம் தெரிவிப்போம். மன்னிப்பு அப்படியல்ல, தவறு செய்தவர்தான் அதைக் கேட்க முடியும்.

இந்த ஆட்சிக்காலத்தை ஆராயவே 2020இல் நீங்கள் அமைத்த சிறப்புக் குழு இரண்டரை ஆண்டுகள் உட்கார்ந்தது. 2022 டிசம்பரில் இந்த ஒரு சொல்லில் முட்டி, முடிவே எடுக்காமல் கலைந்தது. மன்னிப்புக் கேட்டால் இழப்பீடு கேட்டு வந்து நிற்பார்களே என்பதுதான் பயம். அந்தப் பயத்தால் என்ன கிடைத்தது? 2024 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், குழந்தைகளாக அப்படித் தாய்மாரிடமிருந்து பறிக்கப்பட்ட ஐந்து பெண்களின் வழக்கில், நடந்தது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்து, இழப்பீடும் தரச் சொன்னது. சொல்லாமல் இருந்ததால் நீங்கள் எதையும் மிச்சப்படுத்தவில்லை.

1960இல் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். 'நீ' என்று அழைக்கப்பட்டதைத் தன் காதால் கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் இருக்கும்போதே சொல்லுங்கள். வாக்கெடுப்புக்கே வராமல் போன அந்தப் பரிந்துரைகளை மறுபடி அவைக்குக் கொண்டுவாருங்கள். காங்கோ, ருவாண்டா, புருண்டி என்று நீங்கள் ஆண்ட மூன்று நாடுகளின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பிரெஞ்சிலும் டச்சிலும் மட்டும் வாசித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். லிங்காலாவிலும் சுவாஹிலியிலும் வாசிக்க ஆள் வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்