காரின் திணறல் குறித்து மகளுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்பு மகளுக்கு,

சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் ஒரு கணம் திணறிவிட்டுப் பிறகு பாய்வதாகவும், கோயம்புத்தூரில் நீ காட்டிய மெக்கானிக் ஸ்கேனரில் பி0121 என்ற பிழைக் குறியைப் பார்த்ததுமே திராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றச் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். சற்றுப் பொறு. சென்சார் அனுப்பும் அளவு இன்ஜினின் மற்ற அளவுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறி சொல்கிறது. கோளாறு சென்சாரிலா, ஒயரிலா, கனெக்டரிலா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இது கேபிள் வகைக் கார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகடு திரும்பும். அதன் அச்சில் மாட்டியிருக்கும் சென்சாருக்குள் ஒரு சிறு தொடுமுனை கரிப்பூச்சுப் பாதையின் மேல் உரசியபடி நகரும். தகடு மூடியிருக்கையில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டும் முழுவதும் திறக்கையில் 4.5 வோல்ட்டும் சிக்னல் ஒயரில் வர வேண்டும்.

இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்துகொள். கனெக்டரைக் கழற்றாமல், மெல்லிய ஊசியை ஒயரை ஒட்டிப் பின்பக்கமாகச் செருகி, வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்பு முனையை அந்த ஊசியிலும் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து அள. சென்சாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் ஒன்றில் 5 வோல்ட் இருக்க வேண்டும். எர்த் ஒயரில் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இவை சரியில்லையென்றால் எத்தனை சென்சார் மாற்றினாலும் பணம்தான் வீண்.

அடுத்து சிக்னல் ஒயர். மாப்பிள்ளையை ஆக்சிலரேட்டரை மிக மெதுவாக மிதிக்கச் சொல்லிவிட்டு நீ மீட்டரைக் கவனி. இதற்கு முள் மீட்டர்தான் நல்லது. நொடியில் ஒரு சிறு பங்கு நேரமே நீடிக்கும் தடுமாற்றத்தை டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். தொடக்கத்துச் சிறு திறப்பில் இன்னும் நிதானமாகப் பார், ஏனெனில் இந்தக் கார் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலுமே பல ஆண்டுகள் ஊர்ந்தது. பாதை தேய்ந்திருந்தால் அங்கேதான் தேய்ந்திருக்கும். முள் சீராக ஏறாமல் அந்த இடத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால், ஒயரையும் கனெக்டரையும் லேசாக அசைத்துப் பார். அசைவுக்கேற்ப முள் ஆடாமல் அதே திறப்பில் மட்டும் மீண்டும் மீண்டும் விழுந்தால், மெக்கானிக் சொன்னது சரி, மாற்றிவிடு. ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. தேய்ந்த பூச்சு திரும்ப வராது.

முள் சீராக ஏறினால், தகடு இருக்கும் கூடான திராட்டில் பாடியில் படிந்த கரியையும் வேக்கம் குழாய்களில் விரிசலையும் பார்க்கச் சொல்.

மாப்பிள்ளையின் புதுக் காரில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அதில் மோட்டார்தான் தகட்டைத் திருப்புகிறது, சென்சாரிலும் இரண்டு சிக்னல்கள் உண்டு.

என் முள் மீட்டரைப் பார்சலில் அனுப்புகிறேன். மூன்று ஒயர்களின் அளவுகளையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு எனக்கு போன் செய். அதுவரை சென்சாருக்கு ஆர்டர் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா