நடித்தவர்களே பார்க்கக் கூடாத படமா? மாணவர் திரைப்பட விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். நடந்தவை உங்களுக்குத் தெரியும் என்பதால் அனைத்தையும் முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. இரண்டு பள்ளித் தோழிகளின் கதையைச் சொல்லும் எங்கள் சிறிய படத்தை மாணவர் பிரிவில் காலைக் காட்சியாகத் தேர்ந்தெடுத்தவர்களும் நீங்கள்தாம். திரையிடலுக்கு முந்தைய நாள் மாலையில் அதை இரவு ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்து, '18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்' என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியவர்களும் நீங்கள்தாம். அப்படத்தின் படத்தொகுப்பாளர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்தப் படத்தை, ஒரு காட்சியையும் வெட்டாமல், பகல் நேரத்தில், பள்ளி மாணவர்களுக்காக ஒருமுறை நீங்கள் திரையிட வேண்டும்.

அன்றிரவு அரங்க வாசலில் நடந்த ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் அப்போது உங்களில் ஒருவரும் அங்கு இல்லை. படத்தின் முதன்மைப் பாத்திரங்களில் நடித்த இரு மாணவியரும் விழா தந்த பங்கேற்பாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் பிளஸ் ஒன், மற்றவர் பிளஸ் டூ. பதின்பருவத்தினரின் கதையில் பதின்பருவத்தினரே நடிக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்ததால் தேர்வானவர்கள் அவர்கள். பெரிய திரையில் தங்கள் முகத்தை முதன்முறையாகப் பார்க்கப் போகிறோம் என்ற ஆவலில் காட்சிக்கு வெகுநேரம் முன்பே வந்து வரிசையின் முன்னால் நின்றார்கள். தன்னார்வலராக நின்ற கல்லூரி மாணவர் அட்டையில் இருந்த பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு, அவர்களை உள்ளே விட முடியாது என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. உடன் வந்திருந்த ஒரு மாணவியின் தாயார், "நான்தான் இவளுடைய அம்மா, நான் பக்கத்திலேயே உட்காரப் போகிறேன், எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். மேலிடத்து உத்தரவு என்ற ஒற்றைப் பதில்தான் கிடைத்தது. தாயார் உள்ளே போகலாமாம், மகள் போகக் கூடாதாம். மகள் வற்புறுத்தியதால் அவர் மட்டும் உள்ளே சென்றார். இரண்டு பிள்ளைகளும் படம் முடியும்வரை வெளிக்கூடத்து நாற்காலியில் அமர்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் கசிந்த தங்கள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவில் இயக்குநர் மேடையேறி, நடித்தவர்களை அறிமுகப்படுத்த இயலாத நிலைக்கு வருத்தம் தெரிவித்தார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலும் அவர்களுக்குக் கதவு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது திரைப்பட விழா நடத்தும் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் 'யு/ஏ' சான்றிதழை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது. எங்கள் படம் பெற்றிருப்பது 'யு/ஏ 16+'. அந்த வயதுக் குறிப்பு பெற்றோரும் பாதுகாவலரும் முடிவெடுக்க உதவும் வழிகாட்டுதல் மட்டுமே என்றும், அவர்களைத் தவிர வேறு எவரும் அதைக் காட்டித் தடுக்க முடியாது என்றும் அதே திருத்தம் கூறுகிறது. அந்த மாணவியர் இருவருக்கும் பதினாறு நிரம்பிவிட்டது. அவர்களில் ஒருவருக்குப் பெற்ற தாயே அருகில் நின்று சம்மதம் சொன்னார். தணிக்கை வாரியத்தைவிடக் கண்டிப்பான ஓர் அமைப்பு இந்த நாட்டில் இருக்கக்கூடும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. உங்களுக்குப் பாராட்டுகள்.

காட்சி மாற்றப்பட்ட மாலையில், 'அந்த நாற்பது விநாடியை மட்டும் எடுத்துவிட்டால் காலைக் காட்சியே வைத்துக்கொள்ளலாம்' என்று தொலைபேசியில் ஒரு யோசனை சொல்லப்பட்டது. அந்த நாற்பது விநாடிகளை இங்கே சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்களும் தீர்ப்புச் சொல்ல வசதியாக இருக்கும். இரண்டு பெண்களும் மொட்டை மாடியில் அமர்ந்து செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறார்கள். ஒருத்தி, தனக்குப் பையன்கள் மீது ஈர்ப்பு வந்ததே இல்லை என்றும், தோழியைப் பற்றி நினைப்பது வெறும் நட்பாகத் தனக்குத் தோன்றவில்லை என்றும் சொல்கிறாள். மற்றவளின் பென்சில் நின்றுவிடுகிறது. வரைந்துகொண்டிருந்த கோடு கோணிவிட்டது. அவள் பதில் சொல்வதில்லை. கோட்டை அழித்துவிட்டு, தோழியின் நோட்டிலும் ஒரு பிழை இருப்பதைக் கண்டு, ரப்பரை அவள் பக்கம் நகர்த்துகிறாள். அவ்வளவுதான். முத்தம் இல்லை, தொடுதல்கூட இல்லை. விநாடிக்கு 24 சட்டகம் வீதம் நாற்பது விநாடிகளுக்கு 960 சட்டகங்கள். இவற்றில் எந்தச் சட்டகம் மாணவர்களுக்கு ஒவ்வாதது என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், படத்தொகுப்பாளனாகிய எனக்கும் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பாக இருக்கும்.

அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும் என்பதை யாரேனும் யோசித்தீர்களா? அதற்குப் பிறகு வருவதெல்லாம், அப்படியொரு உண்மையைக் கேட்டவள் அந்த நட்பை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறாள் என்பதைப் பற்றியது. அவளுக்கு அதே ஈர்ப்பு இல்லை. ஆனாலும் தோழியை இழக்க மனம் வரவில்லை. சில நாள் பேசாமல் இருக்கிறாள், வேறு பெஞ்சுக்கு மாறுகிறாள், பிறகு திரும்பி வருகிறாள். காரணத்தை நீக்கிவிட்டால் இரண்டு பெண்கள் எதற்கோ கோபித்துக்கொண்டு எதற்கோ சமாதானமான கதையாகிவிடும். உங்கள் விழா மலரோ இதே படத்தை 'நட்பின் நேர்மையைப் பேசும் படைப்பு' என்று அச்சிட்டுப் பாராட்டியிருக்கிறது.

எங்கள் படத்துக்குப் பதிலாக அன்று காலை மாணவர்களுக்கு நீங்கள் காட்டியது எந்த வகைப் படம் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். வேண்டாம் என்று பலமுறை சொல்லும் பள்ளி மாணவியை, அவள் மனம் மாறும்வரை தெருத் தெருவாகப் பின்தொடரும் ஒரு மாணவனின் கதை. அதற்கு வயது வரம்பு தேவைப்படவில்லை. அவ்வகைக் கதையைப் பல பத்தாண்டுகளாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துப் பழகிவிட்டோம். துரத்தினால் அது காதல், மனம்விட்டுச் சொன்னால் அது வயது வந்தோருக்கான விஷயம் என்ற பாடத்தை ஒரு மாணவர் விழாவும் கற்பிக்க வேண்டுமா?

பெற்றோரிடமிருந்து புகார் வரலாம் என்பதே வாய்மொழியாக எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். புகார் வந்ததாக நீங்கள் சொல்லவில்லை, வரலாம் என்றுதான் சொன்னீர்கள். ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்கள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, பள்ளிப் பாடத்திட்டத்தில் இதைப் பற்றிய புரிதல் இடம்பெற வேண்டும் என்றும், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்கள் வழியாகப் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி, தமக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே ஆணை எழுதினார். ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தப் பொறுமையில் சிறு பங்கையாவது பெற்றோரிடமும் எதிர்பார்க்கலாம் என்பது என் எண்ணம். நீங்களோ அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தருவதற்கு முன்பே அவர்கள் சார்பில் கோபப்பட்டுவிட்டீர்கள்.

எங்கள் படத்தைப் போன்றவற்றுக்குத் திரையரங்குகள் கிடைப்பதில்லை. இணையத் தளங்களும் அறிமுகமான முகம் இல்லாத படங்களைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. விழாக்கள்தாம் எங்களுக்கு எஞ்சியிருக்கும் அரங்கு. அதனால்தான் ஒரே ஒரு காட்சி இடம் மாறியதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விழாவை ஊதியமின்றி நடத்தும் உங்கள் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. எங்கள் படத்தை முதலில் தேர்ந்தெடுத்த கண்களும் உங்களுடையவையே. எனவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: விழாவின் தொடர் திரையிடல்களில் ஒரு பகல் காட்சியை, வெட்டு எதுவுமின்றி, மாணவர்களுக்காக இப்படத்துக்கு ஒதுக்கித் தாருங்கள். காட்சி முடிந்ததும் நடித்த இரு மாணவியரையும் மேடைக்கு அழைத்துப் பேசவிடுங்கள். விரும்பும் பெற்றோரையும் அழையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இயக்குநரும் நானும் வருகிறோம். பயணச் செலவு வேண்டாம்.

படத்தின் டிசிபி (திரையரங்கில் காட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி) அடங்கிய வன்தட்டு இன்னும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. தேதி சொன்னால், பூட்டப்பட்ட அந்தப் பிரதியைத் திறக்கும் திறவுகோல் கோப்பை அன்றே அனுப்பிவைக்கிறேன். முடியாது என்பதே முடிவானால், அதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தந்து, வன்தட்டைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்படத்தின் படத்தொகுப்பாளர்