கிரேக்க மொழியும் மூலநூல் வாசிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், பண்டைய கிரேக்க, ரோமானிய இலக்கியத்தையும் வரலாற்றையும் பயிலும் செவ்வியல் துறையின் இளநிலை மாணவர்கள் கிரேக்கமோ லத்தீனோ கற்றாக வேண்டும் என்ற விதியை 2021இல் நீக்கியது. பள்ளியில் அம்மொழிகளைப் படிக்க வாய்ப்பில்லாதவர்களையும் வரவேற்கும் நோக்கம் நல்லதே. எனினும், அதற்குரிய வழி அவர்களுக்கு முதல் எழுத்திலிருந்து பொறுமையாகக் கற்பிப்பதே தவிர, மொழியை விருப்பப் பாடமாக்குவதன்று என்பது என் உறுதியான கருத்து.

பண்டைய கிரேக்க வினைச்சொல் காலத்தை மட்டுமன்றி, செயல் தொடர்ந்து நடப்பதாகப் பார்க்கப்படுகிறதா, முழுமை பெற்ற ஒரே நிகழ்வாகப் பார்க்கப்படுகிறதா என்பதையும் காட்டும். செய்வினை, செயப்பாட்டுவினை ஆகியவற்றோடு, செயலின் விளைவு செய்பவரையே சார்வதை உணர்த்தும் நடுவினையும் அங்கு உண்டு. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் வரலாற்று நூலில் எச்சங்கள் அடுக்கடுக்காக வந்து ஒரு முற்றுவினையில் முடியும் நெடிய வாக்கியங்கள் பல. தமிழ் உரையாசிரியர்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்நடை அந்நியமாகத் தோன்றாது. அந்த எச்சம் காரணத்தைச் சொல்கிறதா, உடன்நிகழ்வைச் சொல்கிறதா என்பதை மூலத்தைப் படிப்பவர் தாமே எடைபோடலாம். மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கோ அதை வேறொருவர் முன்னமே முடிவுசெய்துவிடுகிறார்.

ஆகவே, முதலாண்டில் இலக்கணத்தோடு பண்டைய கிரேக்க எழுத்தாளர் செனபோனின் எளிய உரைநடையையும், அதன்பின் பிளேட்டோவையும் ஆசிரியரின் துணையுடன் வரிவரியாகப் படிக்கும் பயிற்சி எந்தச் செவ்வியல் துறையிலும் கட்டாயமாக நீடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை