என் ஏட்டைக் காத்த அனல்

வேளச்சேரி
தை முதல் வாரம், 2024

அன்புள்ள எல்லோருக்கும்,

நாவல் பிழைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "நோட்டெல்லாம் என்னாச்சு டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். நின்று பதில் சொல்லத் தொடங்கினால் தொண்டை அடைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் வெள்ள நாட்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. நம் வீட்டுச் சுவர்களில் கோடு இன்னும் இருக்கிறது, அது போதும். தண்ணீர் வடிந்த அன்று அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து 11 நீள நோட்டுகளை வெளியே எடுத்தேன். 700 தாளுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு வருட எழுத்து. ஊறிப்போன ரொட்டி மாதிரி கையில் கனத்தன.

நாவல் எதைப் பற்றி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கேரளத்தின் பிரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 நொடியில் தங்கம் வாங்கினார். ஏறக்குறைய ஒரு நொடி பின்னால் நாசிக்கின் கவிதா ராவத் வெள்ளி. 25 சுற்று ஓடி வந்தவர்களுக்கு நடுவே ஒரே ஒரு நொடி! பள்ளி மைதானத்தில் விசில் ஊதியே காலத்தைக் கழித்த உடற்பயிற்சி ஆசிரியை நான். கல்யாணத்துக்கு முன்னால் நானும் நெடுந்தூரம் ஓடியவள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த ஒரு நொடியைச் சம்பாதிக்க ஒரு பெண் எத்தனை வருடம் விடியலுக்கு முன் எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அதுதான் நாவலின் வித்து. நம் ஊரில் விடிகாலை நாலரைக்கே வியர்வை காயாது. காற்றில் அவ்வளவு ஈரம். வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது, இதயம் வேகம் கூட்டிக்கொண்டே போகும். அந்த ஈரக் காற்றில் மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே ஓடி ஓடியே தன்னை வடித்துக்கொள்ளும் ஒருத்தியின் கதை. ஒரு பந்தயம், 25 சுற்று, 25 அத்தியாயம்.

தண்ணீர் பட்டதில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது நின்றது. 2017-க்குப் பிறகு மைப்பேனாவுக்கு மாறியிருந்தேன். அதெல்லாம் நீல மேகமாகப் பரவிவிட்டது. தகவல்கள் போனதற்கு நான் அழவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டார்கள். அதற்குப் பிறகு 1960 வரை 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டமே இல்லை. 1988 சியோலில்தான் 10,000 மீட்டர் வந்தது. இதையெல்லாம் மறுபடி எழுதிவிடலாம், எங்கே கேட்டாலும் கிடைக்கும். ஆனால் அவள் மூச்சு? பதினெட்டாவது சுற்றின் வளைவில், முன்னால் ஓடுகிறவளின் முதுகெலும்பையே பார்த்துக்கொண்டு அவள் விடும் அந்த மூச்சை நான் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தேன். அதற்கு வேறு பிரதி எங்கேயும் கிடையாது.

நூலகத்தில் வேலை பார்த்த தோழியிடம் போனில் கேட்டேன். "ரெண்டு மூணு நாள்ல பூஞ்சை பிடிச்சிரும், உடனே ஃப்ரீசர்ல வை" என்றாள். எந்த ஃப்ரீசரில் வைப்பது? தெருவிலேயே கரண்ட் இல்லை.

அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள், அண்ணே.

உங்கள் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன் என்றால் இந்தத் தெருவில் தெரியாதவர் யார்? உங்கள் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். வாடிக்கைக்காரர் துணி மூட்டைகளைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு உங்கள் பாயையும் பாத்திரத்தையும் நனையவிட்டவர் நீங்கள். மூன்றாம் நாள் வண்டியைத் திரும்ப நிறுத்தி, பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் மேல் பத்திரப்படுத்தியிருந்த கரி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் மொட்டை மாடியிலிருந்து நோட்டுகளைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வெயிலும் இல்லை. மாடியில் ஈரக் காற்று தாள்களை இன்னும் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் வந்தேன். இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னா டீச்சர் அது?"

"எழுதினது, அண்ணே. போச்சு."

"குடு, ஒரு தாள் போட்டுப் பாக்கலாம்."

ஒரு தாள். அவ்வளவுதான் கேட்டீர்கள்.

கங்கு சிவந்திருந்தால் தாள் கருகும் என்று சொல்லி, நீறு பூக்கும் வரை பெட்டியை ஓரமாக வைத்தீர்கள். பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்தீர்கள். புறங்கையைப் பெட்டிக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தீர்கள். நோட்டின் நடுவில் இருந்த பின்னைத் துருப்பிடிக்குமுன் கழற்றச் சொன்னீர்கள். ஒட்டியிருந்த தாளை விசிறிக் காம்பால் மூலையிலிருந்து மெல்லத் தூக்கி, வேட்டிக்குள் வைத்து, மேலே இன்னொரு துணி போட்டு, அழுத்தாமல், தேய்க்காமல், பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து எடுத்தீர்கள். பித்தளைப் பெட்டி ஆறேழு கிலோ இருக்கும். ஆவி எழுந்தது. துணியை விலக்கியபோது என் கையெழுத்து எனக்கு முன்னால் இருந்தது. "துப்பாக்கி வெடிக்கும் முன் வரும் அமைதி" என்று தொடங்கும் முதல் அத்தியாயத்தின் முதல் தாள்.

மின்சாரப் பெட்டி வைத்திருந்தால் அன்று ஒன்றும் செய்திருக்க முடியாது. கரிப்பெட்டியை இன்னும் விடாமல் வைத்திருந்தீர்கள், அண்ணே. அதனால்தான் முடிந்தது.

மதுரையில் சம்பந்தர் ஏடு அனலில் இட்டும் பச்சையாக இருந்தது, புனலில் இட்டும் வைகையை எதிர்த்துப் போனது என்று சிறு வயதில் பாட்டி சொல்லுவாள். என் ஏடு அப்படிப்பட்டதில்லை, புனலில் தோற்றுவிட்டது. உங்கள் அனல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தது.

ஆறு நாள். பகலில் மற்றவர்கள் துணி, நாலு மணிக்கு மேல் என் தாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உங்கள் மகள் தாள்களுக்கு எண் போட்டு அடுக்கினாள். காசை எடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

நாலாம் நாள் நீங்கள் கேட்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "டீச்சர், இந்த நோட்டு ரெண்டு தடவ வந்துடுச்சா? நேத்து போட்ட தாள்லயும் இதேதான இருந்துச்சு?" ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போட்டிருக்கிறீர்கள்! எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்றால் அந்த அத்தியாயங்களைத்தான் படித்த நண்பர்கள் எல்லோரும் வெட்டச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றாம் சுற்றிலிருந்து பத்தொன்பது வரை. அங்கே எதுவுமே நடக்காது. அதே வளைவு, அதே நேர்கோடு, சுற்று எண்ணும் பலகையில் ஒன்று குறையும். 10,000 மீட்டர் ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மனசு கைவிடுவது அங்கேதான் என்பார்கள். தொடக்கத்தில் ஆசை தள்ளும், கடைசியில் மணிச் சத்தம் இழுக்கும், நடுவில் யாருமில்லை. இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறி, "ஓடுறப்ப அப்படித்தான் இருக்கும், அண்ணே" என்றேன்.

பெட்டியை வைத்துவிட்டு யோசித்தீர்கள். "சரிதான். நானும் காலைலேர்ந்து சட்டைதான் போடுறேன். பாக்குறவனுக்கு எல்லாம் ஒரே சட்டை. போடுறவனுக்கு ஒவ்வொரு காலரும் வேற." கொஞ்ச நேரம் கழித்து, "அத நீ எழுதல டீச்சர்" என்றீர்கள்.

உண்மை. எழுதவில்லை. ஒன்பது சுற்றையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, அதுதான் சலிப்பின் உண்மை என்று நம்பியிருந்தேன். வெளியே நின்று பார்த்தவளின் கண் அது. ஓடுகிறவளுக்குப் பன்னிரண்டாம் சுற்றின் வலது குதிகால் வேறு, பதினாறாம் சுற்றின் வலது குதிகால் வேறு. நானே ஓடியவள், எனக்கு எப்படி மறந்தது? மை கரைந்துபோன பதினெட்டும் பத்தொன்பதும் எப்படியும் மறுபடி எழுதவேண்டியவை. கூடவே மற்ற ஏழையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நடுச் சுற்றுகளை இனி யார் சொன்னாலும் வெட்டமாட்டேன், அரைகுறையாகவும் விடமாட்டேன்.

மற்றவர்களை மறக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் என் அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் போன மூன்றாம் மாடித் தம்பிகள், பால் பவுடரும் மெழுகுவத்தியும் கொடுத்தனுப்பிய முகம் தெரியாத பிள்ளைகள், எப்போதோ வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பக்கங்களைத் தேடி எடுத்துத் தந்த தோழிகள், சொன்ன கதையையே சலிக்காமல் இன்னொரு முறை சொன்ன பழைய பயிற்சியாளர், நந்தனம் புத்தகக் காட்சிக்குள் வராது என்று தெரிந்தும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், அவசரமில்ல" என்ற அச்சகத்தார். உங்கள் ஒவ்வொருவரின் கையும் இதில் இருக்கிறது. வீடு வீடாக வந்து சொல்லவேண்டும், கட்டாயம் வருவேன்.

அண்ணே, காசுக்குப் பதிலாக நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "புஸ்தகம் வேணாம் டீச்சர், கண்ணு வலிக்குது. வண்டிகிட்ட வந்து நீயே படி. கை பாட்டுக்கு வேல பாக்கும், காது சும்மாதான இருக்கு." சரி என்றேன். நாலு மணிக்குத் தெரு அடங்கும் நேரம், ஒரு நாளைக்கு ஒரு சுற்று, 25 நாள். பொங்கல் முடிந்ததும் தொடங்குவதாகப் பேச்சு.

நேற்று முதல் சுற்று படித்தேன். துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் உங்கள் கை சட்டை மேல் அப்படியே நின்றுவிட்டது. கருகிவிடப்போகிறதே என்று நான்தான் பதறிப் படிப்பதை நிறுத்தினேன். பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "உம், மேல படி" என்றீர்கள்.