கோவிவன் என்றொரு நாய்: பிள்ளைகளுக்கு இணையத்தில் வரலாற்றுப் பாடம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக வரலாற்றுக் காணொளிகளும் செயலிகளும் மின்பாடங்களும் தயாரிக்கிற அனைவருக்கும்,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அரசு வேலையாகப் பாடம் தயாரிப்பவர்கள், நிறுவனம் வைத்து நடத்துகிறவர்கள், சொந்த ஆர்வத்தில் வீட்டிலிருந்தே காணொளி போடுகிறவர்கள் என்று உங்களில் பல வகை உண்டு. யாரையும் தனியாக மனதில் வைத்து இதை எழுதவில்லை. உங்கள் எல்லோரிடமும் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். அதற்கு முன்னால் ஒரு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழசு. தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல். கல்லில் அவன் நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. நாயைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று.

போன வருஷம் ஒரு மதியம் இந்தக் கல்லின் படத்தை நான்காம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை. “என்ன தெரியுது, பாத்து சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன். ஆள் தெரிந்தது, நாய் தெரிந்தது, எழுத்து தெரிந்தது. எழுத்தை நான் படித்துக் காட்டியதும் பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“டீச்சர், நாய்க்குக்கூடவா பேரு எழுதுவாங்க?”

அதற்கப்புறம் எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. கள்ளன் எந்த ஊர்? நாயும் செத்துப்போச்சா? இதை யாரு செதுக்கினாங்க, அவங்க பேரு ஏன் இல்ல? ராஜா எங்கே என்று ஒருவன் கேட்டான். ராஜாவின் பெயர் கல்வெட்டின் முதல் வரியில் வருகிறது, வருஷத்தைச் சொல்வதற்காக, அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவன் சொன்னான்: “அப்போ இது ராஜாவோட கல்லு இல்ல. எருமக்காரரோட கல்லு.”

வரலாறு என்றால் ராஜாக்களின் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பையன் சொன்னது இது. எனக்கு இருபது வருஷ சர்வீஸ். இப்படி ஒரு வகுப்பு எனக்கு அடிக்கடி அமைந்ததில்லை.

இந்த ஒரு வகுப்புக்காக நான் மூன்று ராத்திரி தேடினேன். இணையத்தில் படம் கிடைத்தது. ஆனால் கைபேசியில் பெரிதாக்கினால் எழுத்து கரைந்து போகிற அளவுக்குச் சின்னப் படம். ஒரு பக்கத்தில் ஊர்ப் பெயரே தப்பு. இன்னொன்றில் வேறு ஏதோ நடுகல்லின் படத்தைப் போட்டு இந்தக் கல்லின் செய்தியை எழுதியிருந்தார்கள். கல்வெட்டு வாசகம் ஒரு பழைய ஸ்கேன் புத்தகத்தில் கிடைத்தது, பெரியவர்களே திணறுகிற நடையில். இத்தனைக்கும் எடுத்தனூர் எங்கள் பள்ளியிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான். செங்கம் நடுகற்கள் தொல்லியல் அறிந்தவர்களிடம் பேர்பெற்றவை. பெரியவர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஊர் ஊராக அலைந்து படியெடுத்து, புத்தகமாகவும் போட்டுவிட்டார்கள். அந்த உழைப்பெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு வந்து சேர வழியில்லை.

அதே இணையத்தில் ராஜராஜ சோழனைத் தேடினால் ஒரு நிமிஷத்தில் நூறு காணொளி வந்து நிற்கும். எல்லாவற்றிலும் தங்கக் கவசம், குதிரை, வாள், காதைப் பிளக்கிற பின்னணி இசை. அந்த முகத்தை எங்கிருந்து வரைந்தார்கள், அந்தக் கவசத்தை எந்தச் சிற்பத்தில் பார்த்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், உண்மைதான். முடிந்ததும் “இன்னொண்ணு போடுங்க டீச்சர்” என்கிறார்கள். ஒரு கேள்வி வருவதில்லை. ஒருமுறை பாடத்துக்கு நடுவிலேயே பணம் வைத்துச் சீட்டாடும் விளையாட்டுக்கு விளம்பரம் ஓடியது. நான் ஓடிப் போய் நிறுத்துவதற்குள் முதல் வரிசை அந்தப் பாட்டை மனப்பாடம் பண்ணிவிட்டது. அன்றிலிருந்து எதையும் இணையத்திலிருந்து நேராகப் போடுவதில்லை. வீட்டில் பதிவிறக்கி, பென் டிரைவில் போட்டுத்தான் கொண்டுபோகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் பாடம் வந்தபோது நாலைந்து பேர் ஒரே குரலில், “அந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழாது டீச்சர்” என்றார்கள். கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். தப்பு என்று நானே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கைபேசி சொன்னதா, டீச்சர் சொன்னதா என்றுதான் ஆகும். அதனால் காலை வெயிலில் எடுத்த படங்களாக நாலைத் தேடிக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முற்றத்தில் நீளமாக நிழல் கிடக்கிறது. அவர்களே பார்த்துவிட்டு, “பொய் சொல்லிட்டாங்க” என்றார்கள். வெளியே போய்க் கொடிக்கம்பத்தின் நிழலையும் அளந்துவிட்டு வந்தோம்.

பொய் போன இடம் சும்மா கிடக்கக் கூடாது இல்லையா? 1010-இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் நிழல் கதையைவிட நல்ல சங்கதி எவ்வளவோ இருக்கிறது. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்தார்கள். அந்த ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு. இதைச் சொல்லிவிட்டு, “ஆடு எப்படிப்பா சாகாம இருக்கும்?” என்று கேட்டேன். வீட்டில் பதினொரு ஆடு வைத்திருக்கிற பையன் கையைத் தூக்கினான். “ஒண்ணு செத்தா ஒரு குட்டி வந்துடும் டீச்சர். கணக்கு கொறையாது.” கல்வெட்டு எழுதியவரின் மனதில் இருந்ததும் அதுதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நிர்வாக ஏற்பாட்டை ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை ஒரே மூச்சில் விளக்கிவிட்டான். பரீட்சையில் பின்தங்குகிற பிள்ளை அவன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜராஜன் யார் சாதி என்று சண்டை. இரண்டு பேர் வீட்டிலும் இரண்டு காணொளி. பிரித்துவிட்ட எனக்குக் கை நடுங்கியது. பத்து வயது. பிள்ளைகளுக்காகத் தயாரித்தவை இல்லைதான் அவை. ஆனால் பிள்ளைகளுக்கென்று நல்லதாக எதுவும் இல்லாத இடத்தில்தான் அவை புகுந்து உட்காருகின்றன. ‘இதற்கு என்ன சான்று, எங்கே இருக்கிறது, காட்டு’ என்று கேட்கிற பழக்கம் மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டால் அந்தக் காணொளிகளுக்கு இவ்வளவு பலம் இருக்காது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எங்களுக்குச் சான்றைக் கொடுங்கள். கல்லை, பானை ஓட்டை, காசை, செப்பேட்டை, பழைய நிலப்படத்தைத் தெளிவாகப் படம் பிடித்து, எங்கே கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும், கல் ஆள் உயரமா முழங்கால் உயரமா என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கதையை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். சில நேரம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஓவியம் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள், அதன் கீழே ‘இது ஓவியரின் கற்பனை’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியை வைத்தே நான் ஒரு பாடவேளையை நடத்திவிடுவேன்.

என் மனதில் இருப்பதை ஜம்பைக் கல்வெட்டை வைத்துச் சொல்கிறேன். ஔவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதை தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. அந்த அதியமான் நிஜமாகவே இருந்தாரா என்று என் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை மலைக்குகையில் ஒரே ஒரு வரி வெட்டியிருக்கிறது: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்று பொருள். 1981-இல்தான் கண்டுபிடித்தார்கள். அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு சேர்த்து ‘ஸதியபுதோ’ என்று ஒருவரைக் குறிப்பிடுகிறார், அது யார் என்று அதுவரை அறிஞர்களுக்குள் வாதம் ஓடிக்கொண்டிருந்தது. குகையில் இருந்த அந்த ஒரு வரி பதில் சொல்லிவிட்டது.

இதை மின்பாடமாகச் செய்ய ஒரு பாறையின் நல்ல படம் போதும். தமிழி என்கிற அந்தப் பழைய தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டால் இன்றைய எழுத்து பக்கத்தில் வரட்டும். அதற்குமேல் எதுவும் வேண்டாம். தமிழியில் ‘க’ நம் கூட்டல் குறி மாதிரியே இருக்கும், காலில் சின்னதாக ஒரு கோடு சேர்த்தால் ‘கு’. கீழடிப் பானை ஓட்டில் ‘குவிரன்’ என்ற பெயரில் அந்தக் ‘கு’வைக் கண்டுபிடித்த நாளில் எங்கள் கரும்பலகை முழுக்கக் கூட்டல் குறிதான். ‘க’வில் தொடங்கும் பெயர்க்காரர்களுக்கு அன்றைக்கு ஏக மரியாதை. கீழடியில் 2023-இல் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஒரு பகல் ஆகும். பஸ்ஸுக்குப் பணம் எப்போது சேரும் என்று தெரியாது. அதுவரைக்கும் எங்களுக்கு இணையம்தான் அருங்காட்சியகம்.

கோப்பு சின்னதாக இருக்கட்டும். பல பள்ளிகளில் இன்றும் ஆசிரியரின் ஹாட்ஸ்பாட்தான் இணையம். பதிவிறக்கவும் அச்செடுக்கவும் அனுமதி கொடுங்கள், சுவரில் ஒட்டிய படத்தைப் பிள்ளைகள் வருஷம் முழுக்கப் பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் வருகிற அந்தப் பத்துக் கேள்வி, ‘எந்த ஆண்டு, யார் மகன்’ என்று கேட்பது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அதற்கு எங்களிடமே வினாத்தாள் ஏராளம் இருக்கிறது.

அப்புறம், மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவ்வளவோ பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன, நானே நன்றியோடு பயன்படுத்துகிறேன். ஆனால் என் ஒன்றியத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஓரிடத்தில் பதில் கிடைப்பதில்லை. தென்காசிப் பிள்ளைக்குக் கோவிவன் ஒரு நல்ல கதை. செங்கத்துப் பிள்ளைக்கு அது பக்கத்து ஊர் நாய்.

ஊர் ஏரியை கூகுள் எர்த்தில் மேலிருந்து காட்டியதிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. கரை எங்கே வளைகிறது, மதகு எங்கே, இருபது வருஷத்தில் தண்ணீர் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். போனோம். மதகுக்கு வடக்கே, வேலிக்காத்தான் புதருக்குள், பாதி மண்ணில் புதைந்து ஒரு பலகைக்கல் நிற்கிறது. மேல் பாகத்தில் ஒரு தலையும் தூக்கிய கையும் தெரிகிறது. ஊர்ப் பெரியவர்கள் வேடியப்பன் என்று சொல்லிக் கும்பிடுகிறார்கள். பிள்ளைகள் தோண்டவில்லை, நான் தொடவும் விடவில்லை. மரத்தாலான முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, நாலு பக்கமும் படமெடுத்திருக்கிறார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி வெயில் என்றுகூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்களுக்கு அவசரம். இந்தப் படங்களை யாருக்கு அனுப்பினால் படித்துச் சொல்வீர்கள் என்று தெரிவித்தால், திங்கட்கிழமையே அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை,
செங்கம் வட்டாரம், திருவண்ணாமலை மாவட்டம்